வேப்பங்கொத்துக் கணக்கில் விட்டுப்போன நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எதிர்வீட்டு டீச்சர் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, "அம்மை வந்து கெடந்து எழுந்த கதையைச் சொன்னீங்களே, அதை எழுதுங்க" என்றார்கள். அவர்களிடம் சொன்னது பாதிதான். மீதியை வாயால் சொல்லக் கூச்சம். எழுதும்போது எதிரே ஒரு முகம் இருக்காது, அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். இந்தக் கதையில் அதுதான் முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டை ஒட்டி இருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். எந்த ஊரில் இருக்கிறார் என்று கடிதத்தில் எழுத விடமாட்டார்கள். வீட்டில் என் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, நான். மாமியாரை அத்தை என்பேன். அண்ணன் மனைவியை அக்கா என்பேன்.

அக்காவும் நானும் ஒரே உரலில் இரண்டு உலக்கை போட்டு நெல் குத்துவோம். அவள் உலக்கை இறங்கும்போது "ம்" என்று ஒரு மூச்சு வரும். பேச்சிலும் அப்படித்தான். எது கேட்டாலும் பாதிக்கு மேல் "ம்" என்பதுதான் பதில். "வாயத் தொறந்து பேசுனா முத்தா உதுந்துரும்?" என்று அத்தை ஏசுவார்கள். அதற்கும் அவள் "ம்" என்பாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உலக்கையைத் தவறவிடுவேன்.

மாசி மாதம் எங்கள் இருவருக்கும் பெரியம்மை போட்டது. அவளுக்கு ஒரு நாள் முந்தி, எனக்கு ஒரு நாள் பிந்தி. அன்றைக்கே குழந்தையை அதன் அப்பா வண்டி கட்டிக்கொண்டுபோய்ச் செட்டிகுளத்தில், அக்காவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாலைந்து நாளில் திரும்பினார். அதன் பிறகு அவர் களத்துக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். எங்கள் வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. யாரும் வரமாட்டார்கள், நாங்களும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. அடுப்பில் தாளிப்பு கிடையாது. உள்ளே வேப்பிலை பரப்பி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு பாய் போட்டு எங்களைக் கிடத்தியிருந்தார்கள்.

அம்மை இறங்கியதும் மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கு நாள் எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் காலண்டர் இல்லை. அத்தை தினம் காலையில் ஒரு வேப்பங்கொத்து ஒடித்து வந்து கூரை மூங்கிலில் வரிசையாகச் செருகுவார்கள். முதல் முத்து கண்ட நாளுக்கு ஒரு கொத்து, மறுநாளுக்கு ஒன்று. தேதிக்கும் கிழமைக்கும் அதுதான் கணக்கு.

ஏழெட்டுக் கொத்து ஆனபோது என் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. இமை ஒட்டிவிட்டது. பகலா இரவா என்று தெரியாது. பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்பது மட்டும் தைரியம். "அக்கா, முழிச்சிருக்கியா?" என்பேன். "ம்" என்று வரும். "தாகமா இருக்கா?" "ம்." அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

ஒரு நாள் மழை பெய்தது. மாசியில் மழை எங்கள் பக்கம் அபூர்வம். கீற்றில் விழுகிற சத்தமும் மண் வாசனையும் வந்தன. எனக்கு அன்றைக்கு என்னமோ சாவு பயம் வந்துவிட்டது. "அக்கா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திதான் எழுந்திரிப்போம்னா, நான் எழுந்தா ஒன் பொண்ண எம்பொண்ணா வளக்கறேன். நீ எழுந்தா, என் வூட்டுக்காரரு திரும்பி வரப்ப நான் அழுவாமதான் போனேன்னு சொல்லு. சரியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "ம்" என்றது.

முதல் தண்ணீர் ஊற்றிய அன்று கண் திறந்தது. இடது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது, வலது கண் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் பாய் இருந்தது. பாயின் மேல் போர்வை இருந்தது. நீளவாக்கில் மேடாகவும் இருந்தது. கையை நீட்டித் தொட்டேன். போர்வைக்குள் சுருட்டிய சாக்கு.

"போயிட்டாடி" என்றார்கள் அத்தை, கதவோரம் நின்று. "ஆத்தா வூட்ல இருக்கறப்ப அழுவக் கூடாதுன்னு யாரும் அழுவல. தெரிஞ்சா நீயும் பயந்து அவ பின்னாடியே போயிருவ. அதான் சொல்லல."

அம்மைச் சாவுக்குப் பறை கிடையாது, ஒப்பாரி கிடையாது. பின்கட்டு வழியாக எடுத்துப் போய்ப் புதைத்திருக்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் கிடந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் "ம்" மட்டும். எத்தனை நாள் கேட்டேன், யாரிடம் கேட்டேன்?

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. வாயைத் திறந்து ஏதாவது சொன்னால், பதிலுக்கு அந்தச் சத்தம் வந்துவிடுமோ என்று பயம். சாணிப் பானையை இறக்கி வைக்கும்போது கேட்டது, கன்றுக்குட்டி மூச்சு விடும்போது கேட்டது. கஞ்சியை வாயில் வைத்தால் இறங்கவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகும் நான் எழுந்து நடமாடவில்லை. அத்தை என் விலா எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாம் தண்ணீருக்கு ஐந்தாம் நாள் காலையில் வண்டி கட்டச் சொன்னார்கள். "சிறுவாச்சூர் ஆத்தாவுக்கு நேந்திருக்கேன். ரெண்டு பேரையும் கூட்டியாந்து மாவெளக்கு போடறேன்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்கெழமைக்குப் போய்ச் சேரணும்" என்றார்கள். இரண்டு பேர் என்று சொன்ன வாக்குக்காக அக்காவின் பாக்கு நிறப் புடவை ஒன்றை மடித்து மூட்டையில் வைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கேருந்து செட்டிகுளம் போவணும். அவ அம்மாக்காரி பிள்ளைய அனுப்ப மாட்டேங்கறா. எம்மவள வாரிக் குடுத்த வூட்டுக்கு எதுக்கு அனுப்பணும்னு கேக்கறாளாம். நீ வந்து கேட்டாத்தான் உண்டு" என்றார்கள். நான் தலையாட்டவில்லை.

வண்டியை என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் ஓட்டினார். முகம் திருப்பவே இல்லை. எனக்கும் அத்தைக்கும் நடுவில் அந்த மூட்டை இருந்தது. வண்டி குலுங்கும்போது அது என் தொடையில் வந்து சாய்ந்தது. மூன்று பேர் போகிற வண்டி மாதிரிதான் இருந்தது. முந்திரி பூத்திருந்தது. அம்மை போட்ட பிறகு எனக்கு வாசனை தெரிந்தது அப்போதுதான். அந்த வாசனை எனக்குப் பிடித்தது. பிடித்ததற்காக வெட்கமாக இருந்தது. மூட்டையை மெல்ல நகர்த்தி வைத்தேன்.

அரியலூரில் இறங்கினோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்தில் மண்ணில் ஒரு நத்தை கிடந்தது. எடுத்தால் கல். சுருள் சுருளாக நத்தையேதான், ஆனால் முழுக்கக் கல். அந்தப் பக்கத்து மண்ணில் அப்படிக் கிடைக்கும். இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக, நாங்கள் பெரம்பலூர் பஸ் ஏறினோம். நான் பஸ் ஏறுவது அதுதான் முதல் தடவை. பெட்ரோல் கிடைக்காத காலம், கரியில் ஓடும் பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரிப்பார்கள். என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி மட்டும் என்னை உற்றுப் பார்த்து, "ஆத்தா வெளையாடிட்டுப் போன மொகம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்குங்க, வண்டி மூச்சு வாங்குது" என்றார் கண்டக்டர்.

கிழவி நகரவில்லை. "டிக்கெட்டு வாங்குனது ஏறி உக்காரவா, எறங்கித் தள்ளவா?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் ஆயா வாங்கியிருக்கு."

"அப்ப நீ ஏறி உக்காரு. நாங்க தள்ளறோம், நீ எங்களுக்குக் காசு குடு."

எல்லோரும் தள்ளினோம். எனக்குத் தள்ளத் தெம்பில்லை, கையை மட்டும் வைத்தேன். பஸ் திடீரென்று உறுமிக்கொண்டு கிளம்பியது. கரிப்புகை எங்கள் மேல் அப்படியே இறங்கியது. கிழவியின் வெள்ளைத் தலை கறுத்துப்போனது. "பாரு, எனக்கு வயசு கொறஞ்சிருச்சு" என்றாள். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். அத்தை சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முந்தானையால் என் முகத்துக் கரியைத் துடைத்தார்கள். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார்கள்.

வாய் திறந்துவிட்டது. பெரம்பலூரில் இறங்கி ஒரு புளியமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது கேட்டேவிட்டேன். "அத்தை, நான் கூப்ட்டப்ப 'ம்'னு சொன்னது நீங்களா?"

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தலை நிமிராமல் "ம்" என்றார்கள்.

ஒரு உருண்டை பிடித்து என் கையில் வைத்தார்கள்.

"அவ போன நாள்லேருந்து நாந்தான். அவ பாயில படுத்துக்கிட்டு நாந்தான் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டே கெடந்த. சத்தம் வராட்டி ஒம் மூச்சு நின்னுரும் போல இருந்துச்சு" என்றார்கள்.

"மழை பெஞ்ச அன்னிக்கு?"

அத்தை விரலை மடக்கினார்கள். "எட்டாங் கொத்து வச்ச அன்னிக்கு ராத்திரி, விடியறதுக்குள்ள அவ போயிட்டா. ஒம்பதாங் கொத்து ஈரமா சொட்டச் சொட்டச் செருவுனது ஞாவகம் இருக்கு, அன்னிக்குத்தான் மழ. அப்ப அதும் நாந்தான்."

கையிலிருந்த சோறு கையிலேயே இருந்தது. பிள்ளையைத் தருகிறேன் என்று அக்கா சொல்லவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் சாகாமல் இருக்க அத்தை சொன்ன சத்தம் அது. அதை வைத்துக்கொண்டு போய் எப்படிப் பிள்ளையைக் கேட்பது? "நான் செட்டிகுளத்துக்கு வல்ல அத்தை" என்றேன்.

மறுநாள் ஒரு பருத்தி வண்டியில் இடம் கேட்டு ஏறிச் சிறுவாச்சூர் போனோம். வழியெல்லாம் கரிசல். எங்கள் பக்கத்துச் செம்மண் காலில் ஒட்டியிருந்தது, அதற்கு மேல் கறுப்பு மண் ஏறிக்கொண்டது. பருத்தி வெடித்துக் கிடந்தது. வண்டிக்காரர் இரண்டு கை நிறைய எடுத்து, "மூட்டையில சாஞ்சிக்கிட்டுக் கஷ்டப்படாத தாயி, இத முதுகுக்கு வச்சிக்க" என்று கொடுத்தார்.

கோயில் வாசலுக்கு வந்தால் நடை சாத்தியிருந்தது. தேங்காய் வைத்திருந்த ஒரு அம்மா மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மற்ற நாளில் ஆத்தா மலைக்குப் போய்விடுவாள் என்பார்கள்.

"வெள்ளிக்கெழம அதுவுமா ஏன் சாத்தியிருக்கு?" என்றார்கள் அத்தை.

"வெள்ளிக்கெழம நேத்தோட போச்சே. இன்னிக்கு சனி."

"எங்கிட்டயே நாள் சொல்ல வரியா? நான் கொத்து வச்சி எண்ணியிருக்கேன்."

"நீ எண்ணுன சரி, ஆத்தா எண்ணலியே. ஒங்க ஊருக்கு வெள்ளிக்கெழம நடந்து வருது போலருக்கு."

அத்தை சண்டைக்குப் போகிற ஆள்தான். ஆனால் விரலை மடக்கினார்கள், விரித்தார்கள். வேறு இரண்டு பேரிடம் கேட்டோம். சனிதான். அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரு நாள் கொத்து வக்கல" என்றார்கள். "ஒரு நாள் விட்டுருக்கேன்."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்கள். "அவ செத்த அன்னிக்கு நான் எங்கேருந்து வேப்ப மரத்துக்குப் போனேன்? போவல. அன்னிக்குக் கொத்தே வக்கல."

இதை நான் நிதானமாக எழுத வேண்டும். அக்கா போன நாளுக்குக் கொத்து இல்லை. அப்படியானால் அது எட்டாவது கொத்துக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் இருக்கலாம். இல்லை, ஈரமான ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் இருக்கலாம். முதலாவது சரியென்றால், மழையின்போது "ம்" என்றது அத்தை. இரண்டாவது சரியென்றால், மழை பெய்தபோது அக்கா உயிரோடு இருந்தாள். பிள்ளையைப் பற்றி நான் கேட்டதற்கு அவளேதான் பதில் சொன்னாள்.

"எது அத்தை?" என்றேன்.

"தெரியலடி. நாலு நாளா கண்ணு மூடல. தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "குழி வெட்டுனப்ப மண்ணு ஈரமா இருந்துச்சுன்னு பெரியவன் சொன்னான். மழைக்கு அப்பறமா இருக்கும்" என்றார்கள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "ஏரிக்கரை மண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்" என்றார்கள்.

திங்கள்கிழமை வரை அங்கேயே தங்கினோம். தேங்காய் விற்ற அம்மா தன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இடம் கொடுத்தாள். எனக்குப் பசித்தது. கேழ்வரகுக் களியும் புளிச்ச கீரையும் அவள் போட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். "மெதுவாத் தின்னு, மலைக்குப் போன ஆத்தா வரவரைக்கும் நேரம் இருக்கு" என்றாள். யாருக்கும் என்னைத் தெரியாத ஊர். அக்காவைத் தெரிந்தவர்களும் இல்லை. காலையில் கரிசல் காட்டுப் பக்கம் தனியே நடந்தேன். இந்த உலகத்தில் எண்ணாமல் விட்டுப்போன ஒரு நாள் இருக்கிறது, அந்த நாள் எந்தப் பக்கம் விழுந்ததோ, அவள் எனக்குப் பதில் சொல்லியிருந்தாலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கால் வலிக்கவில்லை.

திங்கள்கிழமை நடை திறந்தது. அங்கே மாவிளக்குக்கு மாவை வீட்டிலிருந்து கொண்டுவரமாட்டார்கள். அரிசியை அங்கேயே ஊறவைத்து, அங்கேயே உரலில் இடிப்பார்கள். அத்தை ஒரு உலக்கை எடுத்தார்கள், நான் ஒன்று எடுத்தேன். என் உலக்கை மேலே போகும்போது அத்தை உலக்கை இறங்கியது. "ம்" என்றார்கள். நான் உலக்கையைப் பிடித்தபடி நின்றேன். அக்காவின் "ம்" மூக்கில் முடியும், அத்தையினுடையது தொண்டையில் முடியும். அதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். மழை நாளில் கேட்டது எது என்று மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

இரண்டு விளக்கு போட்டோம். ஒன்றின் பக்கத்தில் நான் நின்றேன். இன்னொன்றின் பக்கத்தில் அத்தை அந்தப் புடவையை விரித்தார்கள். இரண்டும் ஒன்றாக எரிந்தன. புடவைப் பக்கத்து விளக்குத்தான் கடைசிவரை நின்றது. நான் அதை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செட்டிகுளம் போவோம் அத்தை" என்றேன்.

செட்டிகுளத்தில் மலைக் கோயில் தெரிகிற தெருவில் அக்காவின் அம்மா வீடு. அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை. மூட்டையிலிருந்த புடவையைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டார்கள். அத்தையை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார்கள்.

"நீதான் கடைசி வரைக்கும் பக்கத்துல கெடந்தவ. எம்மவ பிள்ளையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

அத்தை எனக்குப் பின்னால் நின்றார்கள். நான் சொன்னேன். "ஒம்பொண்ண எம்பொண்ணா வளக்கறேன்னு நான் கேட்டேன். 'ம்'னு சொன்னா."

அந்த அம்மா என் தோளுக்கு மேல் பார்த்தார்கள். "அப்படியா சம்பந்தி?"

பின்னாலிருந்து "ம்" என்று வந்தது. தொண்டையில் முடிந்தது.

குழந்தை என் முகத்தைப் பார்த்து அழுதது. தழும்பும் வெள்ளை விழுந்த கண்ணும் அதற்குப் புதிது. இடுப்பிலிருந்த கல் நத்தையை எடுத்து நீட்டினேன். அழுகையை நிறுத்தி, வாங்கி, வாயில் வைத்தது. வாயிலிருந்து எடுப்பதற்காகக் கையை நீட்டினேன். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

என் வீட்டுக்காரர் யுத்தம் முடிந்து திரும்பினார். எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பெண் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. அதற்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. பெற்றவள் வேறு என்று அதற்குத் தெரியும். எந்த வார்த்தையை வைத்து நான் வாங்கி வந்தேன் என்பது தெரியாது. அத்தையிடம் நான் மறுபடி கேட்டதில்லை. அத்தையும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணம் போகாமல் இருந்தால் நான் அந்தப் பாயிலேயே முடிந்திருப்பேன், அது நிச்சயம். ஆனால் மழை பெய்கிற போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். என் பெண், "ஏம்மா, என்னத்தக் காது குடுத்துக் கேக்குறீங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

டீச்சர், இதைப் படித்துவிட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள். கரி பஸ் அந்த வருஷம்தான் ஓடியதா என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். உடையார்பாளையம் பக்கம் என் வயதில் யாராவது இன்னும் இருந்தால், யுத்த காலத்தில் ஒரு மாசியில் மழை பெய்ததே, அது என்ன கிழமை என்றும் கேட்டுப் பாருங்கள். அக்காவைப் புதைத்தது அதற்கு முந்தியா பிந்தியா என்று ஊரில் யாருக்காவது நினைவு இருக்கும். பிந்தி என்று சொன்னால் நோட்டை என் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். முந்தி என்றால் முதலில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.